மூத்த ஆய்வாளரின் வழிகாட்டலில்

படிப்பு முடிந்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து மாலை வரை வேலை மட்டும் ஓயவில்லை. இப்படியும் ஒரு பிழைப்பு உண்டா என்று கேட்டால், உண்டு, அதற்குப் போஸ்ட்டாக் என்று பெயர். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், நிரந்தர வேலை கிடைக்கும் வரை ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் ஒண்டிக்கொண்டு, அவருடைய ஆராய்ச்சியைத் தங்கள் கையால் செய்து கொடுக்கும் காலம் அது. முதலில் மூன்று வருட ஒப்பந்தம் போடுவார்கள், அப்புறம் ஒரு வருடம், அப்புறம் ஆறு மாதம் என்று கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிக்கொண்டே வரும். மற்றவர்கள் நான்கைந்து வருடத்தில் அதைத் தாண்டிவிடுவார்கள். நம்மவர் பதினோரு வருடமாகத் தாண்டிக்கொண்டே இருந்தார்.

மனைவியின் தம்பி, அந்த வாயாடி மச்சினன், அவருக்கு 'டாக்டர் தற்காலிகம்' என்று பெயர் வைத்தான். வைத்ததை மனசுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதோ? உறவுக்காரர்கள் அத்தனை பேரும் கூடியிருந்த ஒரு சாப்பாட்டு மேசையில் உரக்கச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நம்மவரும் சிரித்தார். சிரிக்காமல் வேறு என்ன செய்வது? அந்தப் பெயர் எப்படியோ காற்றுவாக்கில் ஆய்வகம் வரை வந்து சேர்ந்து, அங்கேயும் 'தற்காலிகம்' என்றே நின்றுவிட்டது.

மாமியார் தொலைபேசியில் மகளிடம் கேட்பார்: "மாப்பிள்ளை இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்காரா?"

"படிச்சு முடிச்சாச்சும்மா."

"அப்ப வேலையில இருக்காரு."

"வேலையிலயும்... அப்படின்னு சொல்ல முடியாதும்மா."

"இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்" என்று மாமியார் போனை மாமனார் கையில் திணித்துவிடுவார். அவருக்கும் இது விளங்கியதில்லை.

மனைவியை நினைத்தால்தான் பாவம். பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தவள். கணவனின் ஒப்பந்தம் தீரத் தீர மூன்று ஊர் மாறினாள். மூன்று ஊரிலும் கடைசி ஆளாகச் சேர்ந்து, கருவி கழுவுவதிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் மேலே வரும் நேரத்தில் மறுபடி மூட்டை கட்டினாள். மகளுக்கு மூன்று பள்ளிக்கூடம். ஒருநாள் அந்தப் பெண், பத்து வயசு, எதிரே உட்கார்ந்து மிகவும் அக்கறையாகக் கேட்டது: "அப்பா, நீ பெரியவனாகி என்னவா ஆகப் போறே?" கேலி இல்லை, நிஜமாகவே கேட்டது. அன்றைக்கு அவர் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோனார்.

வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது மாடியில் ஆய்வகம். நடைவழி முழுக்க உறைபெட்டிகள் உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே, என்றைக்கோ ஆய்வகத்தை விட்டுப் போய்விட்டவர்களின் பெயர் எழுதிய டப்பாக்கள் பனி படிந்து கிடக்கும். குளிரறையின் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு பழைய ஸ்வெட்டர், உள்ளே போகிறவர்கள் எல்லோருக்கும் பொது. எந்தச் செல் எப்போது பட்டினி கிடக்கும், எந்த எந்திரம் எப்போது முரண்டு பிடிக்கும், திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டுகளில் எது சொட்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைரேகை போல. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் அவரிடம்தான் பிப்பெட் பிடிக்கக் கற்பார்கள். கற்றுக்கொண்டு, பெயர் வாங்கிக்கொண்டு, வேறிடத்தில் வேலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் அவர்களுக்கு வழியனுப்பும் கேக்கை வெட்டிப் பங்கு வைப்பார்.

அப்படி வந்தவள்தான் 'பூதக்கண்ணாடி'. இவரைவிட ஒன்பது வயது சின்னவள், அவளும் போஸ்ட்டாக்தான். எதையும் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பாள் என்பதால் அந்தப் பெயர். இவரை வாய் நிறைய "அண்ணா" என்பாள். கூச்ச சுபாவம். நாலு பேர் கூடிய கூட்டத்தில் தன் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் வாய்க்குள்ளேயே பேசி முடித்துவிடுவாள்.

அவள் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. செல்லில் இருக்கும் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் படம் எடுப்பார்கள். பெரிய புரதம் மேலே ஒரு கறுப்புக் கோடாக விழும், சின்னது கீழே. அந்த ஆய்வகம் பத்து வருடமாக ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. படத்தில் அதன் கோடு ஜம்மென்று மேலே நிற்கும். கீழே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மங்கலாக இன்னொரு கோடு. எல்லோர் படத்திலும் இருந்தது. யாரும் சட்டை செய்ததில்லை. அவள் மட்டும் நம்மவரிடம் வந்து கேட்டாள்: "அண்ணா, கீழ இருக்கே, இது என்ன?"

"அது அழுக்கும்மா. புரதம் உடைஞ்ச துணுக்கு. அதைப் பாத்தா வேலை ஆகாது, விடு."

அவள் விடவில்லை. இரண்டு வருடம் அந்தக் கோட்டின் பின்னாலேயே அலைந்தாள். உடைந்த துணுக்கு இல்லை அது. செல்லே வேண்டுமென்று அந்தப் புரதத்தைக் கத்தரித்துக் குட்டையாக்கி, உட்கருவுக்குள் அனுப்பி, வேறொரு வேலை வாங்குகிறது என்று நிரூபித்தாள். பத்து வருடமாக எல்லோரும் குப்பை என்று தள்ளியதுதான் சங்கதியே என்று ஆனது. கட்டுரை நல்ல இதழில் வந்தது. அவள் பெயர் முதலில், நம்மவர் பெயர் மூன்றாவதாக. உண்மையைச் சொன்னால் மூன்றாவது இடமே அவருக்கு அதிகம். செல்களுக்குச் சனிக்கிழமை தீனி போட்டதற்காக அவள் வற்புறுத்திச் சேர்த்த பெயர் அது.

இந்த நிலையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு நிரந்தரப் பணிக்கு அறிவிப்பு வந்தது. ஒன்றே ஒன்று. சொந்த ஆய்வகம், சொந்த மாணவர்கள், ஓய்வு பெறும் வரை வேலை. பட்டம் வாங்கிப் பன்னிரண்டு வருடத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு விதி, எல்லா இடத்திலும் இருப்பதுதான். நம்மவருக்குப் பன்னிரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அடுத்து விண்ணப்பிக்கத் தகுதியே கிடையாது. மனைவி அறிவிப்பை வாங்கிப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "இதுவும் இல்லன்னா விட்டுடுங்க. நான் இன்னொரு தடவை மூட்டை கட்ட மாட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

பூதக்கண்ணாடியும் விண்ணப்பித்தாள். அவரிடமே வந்து சொல்லிவிட்டுத்தான் செய்தாள். "நானும் போடட்டுமாண்ணா? உங்களுக்குக் கிடைச்சாலும் சந்தோஷம், எனக்குக் கிடைச்சாலும் சந்தோஷம்."

"போடும்மா, தாராளமாப் போடு" என்றார். வாய்தான் சொன்னது.

விண்ணப்பத்துக்குப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அங்கேதான் ஒரு வழக்கம் இருந்தது, வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். பேராசிரியரைப் பெரிய சார் என்பார்கள். அவர் கடிதம் எழுத மாட்டார். "உன்னைப் பத்தி உனக்குத்தானேய்யா தெரியும், நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்பார். ஆகவே அவரவர் புகழை அவரவரே, பெரிய சாரின் குரலில், 'நான் கண்ட இளம் விஞ்ஞானிகளில் இவர்' என்று எழுதிக்கொள்ள வேண்டும். தன் கல்யாணத்துக்குத் தானே மேளம் அடித்துக்கொள்வது என்றால் இதுதான்.

நம்மவருக்குக் கை ஓடும். பூதக்கண்ணாடிக்கு ஓடுமா? இரண்டு வரி எழுதிக்கொண்டு போய் நின்றாள். பெரிய சார் பார்த்தார். "என்னம்மா இது, லீவ் லெட்டர் மாதிரி இருக்கு? விடு, நானே எழுதிக்கறேன்" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே நம்மவரிடம் ஓடி வந்தாள். "அண்ணா, சார் எனக்கு அவரே எழுதறேன்னுட்டாரு! அவர் கையால!"

அவள் போன அரை மணியில் பெரிய சார் நம்மவரைக் கூப்பிட்டார். "உன்னோடதை எழுதறப்ப அவளோடதையும் சேத்து எழுதிடு. அவகிட்ட சொல்லிக்காதே, பாவம், சந்தோஷமாப் போயிருக்கா."

"சார், ரெண்டு பேருமே ஒரே போஸ்ட்டுக்கு..."

"அதனால என்ன? உனக்கு அவ வேலை தெரியும். எனக்கு நாளைக்கு வெளியூர்ல மீட்டிங்."

மறுநாள் மதியம், புரதம் பிரிந்து ஓட ஒன்றரை மணி நேரம் இருந்தது. கைக்கடியாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். தன்னுடையதை இருபது நிமிடத்தில் முடித்தார். பிறகு அவளுடையது. முதலில் மனசாட்சி எழுதியது: 'எங்கள் துறையே பத்து ஆண்டுகளாகக் கழிவென்று ஒதுக்கியதை இவர் ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார். இவரைப் போன்ற மூளையை நான் பார்த்ததில்லை.' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். அத்தனையும் உண்மை. இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எவனாயிருந்தாலும் அவளைத்தான் எடுப்பான். அவரே தேர்வுக்குழுவில் இருந்தாலும் அவளைத்தான் எடுப்பார்.

சாப்பாட்டு வேளைகளில் பெரிய சார் அடித்த ஒரு பிரசங்கம் அப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது. "ஒரு போஸ்ட்டுக்கு இருநூறு அப்ளிகேஷன் வருது. முழுசா யாருய்யா படிப்பா? லெட்டரைத்தான் பாப்பேன். 'நல்ல உழைப்பாளி, நேரத்துக்கு வருவார், எல்லாருக்கும் உதவுவார்'னு இருந்துச்சா, அப்படியே அந்தப் பக்கம் தள்ளிடுவேன். சொல்றதுக்கு வேற ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுபோயிடும். 'இந்த ஆளோட மூளை தனி'ன்னு ஒரு வரி இருக்கணும். அந்த ஒரு வரிதான் வேலை வாங்கித் தரும்."

அந்த ஒரு வரியை அவர் அழித்தார்.

அழித்த இடத்தில் எழுதினார்: 'நேரம் தவறாதவர். ஆய்வகத்தின் பொதுச் சாதனங்களைப் பொறுப்புடன் பராமரிப்பவர். உடன் பணிபுரிவோருக்கு உதவும் குணம் கொண்டவர்.' இதிலும் பொய் இல்லை பாருங்கள். எல்லாம் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உண்மையைவிட நல்ல சோறு கிடையாது. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். கட்டுரையைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டுமே. 'மூத்த ஆய்வாளரின் வழிகாட்டலில், தரப்பட்ட பணியைத் திறம்படச் செய்து முடித்தார்' என்று ஒரு வரி சேர்த்தார். மூத்த ஆய்வாளர் யார்? இவர்தான். என்ன வழிகாட்டினார்? "அழுக்கு, விடு" என்று வழிகாட்டினார்.

எழுதும்போதே முகம் காந்தியது. அறையில் யாருமில்லை. இருந்தாலும் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் பார்த்து எழுதும் பையன் உட்காருவானே, அப்படி.

பெரிய சார் ஊரிலிருந்து வந்ததும் இரண்டையும் கொண்டுபோய் நீட்டினார். சார் போனில் இருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க." உள்ளே அவருக்கு நிஜமாகவே ஒரு ஆசை இருந்தது: படித்துவிட்டு, 'என்னய்யா எழுதியிருக்கே இந்தப் பொண்ணைப் பத்தி' என்று அவர் கத்த வேண்டும், காகிதத்தை மூஞ்சியில் விட்டெறிய வேண்டும்.

"நீ எழுதினா சரியாத்தான்யா இருக்கும்" என்று இரண்டிலும் கையெழுத்தை இழுத்துவிட்டு, செக்ரட்டரி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அவள் நேர்முகத்துக்கே அழைக்கப்படவில்லை. இவர் அழைக்கப்பட்டார், பேசினார், வேலையும் கிடைத்தது. மனைவி செய்தியைக் கேட்டுச் சமையலறையில் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமியார் போனை மாமனாரிடம் கொடுக்காமல் அரைமணி நேரம் தானே பேசினார். மச்சினன், "என்ன மாமா, இனிமே உங்களை எப்படிக் கூப்பிடறது? புதுப் பேரு யோசிக்கணுமே" என்றான். இத்தனை வருடம் எந்த நாளுக்காகக் காத்திருந்தாரோ அந்த நாள் வந்து வீட்டுக் கூடத்தில் நின்றது. அவருக்குத்தான் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆய்வகத்தைக் காலி செய்யும்போது பூதக்கண்ணாடிதான் கூட நின்று டப்பாக்களைப் பனிக்கட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். "உங்களுக்குக் கிடைச்சதுதாண்ணா நியாயம். எனக்கென்ன, வயசு இருக்கு" என்றாள். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "டேப் எங்கம்மா?" என்று கேட்டார்.

புது இடம், கதவில் பெயர்ப்பலகை, நான்கு மாணவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் என்ன குறைச்சல்? ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொல்லி வைத்ததில்லை. யாராவது "சார், ஒரு லெட்டர்" என்று வந்து நின்றால் முகம் மாறிவிடும். மாணவர்களை எழுத விடமாட்டார். தானே எழுதுவார், மூன்று பக்கம், நான்கு பக்கம். "நம்ம சார்கிட்ட லெட்டர் கேட்டா புராணம் எழுதிடுவாரு" என்று மாணவர்கள் சிரிப்பார்கள். நல்லவர் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் கூசிப்போவார். பூதக்கண்ணாடி ஆராய்ச்சியையே விட்டுவிட்டாள் என்று இரண்டாவது வருடம் கேள்விப்பட்டார். ஏன் என்று கேட்டுச் செய்தி அனுப்பினார். 'நமக்கு ஒத்து வரலண்ணா' என்று பதில் வந்தது, கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

மனைவியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யா எழுதினீங்க?"

"ஒரே ஒரு வரி."

அவள் மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். சொந்த வீடு அது. அந்த வேலையை நம்பி வாங்கியது. "அந்த ஒரு வரியிலதான் நாம குடியிருக்கோமா?" என்றாள். அப்புறம், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று எட்டு வருடம் போனது.

எட்டு வருடம் கழித்து அவளே வந்தாள். ஆய்வகங்களுக்கு ரசாயனமும் பிப்பெட் முனையும் விற்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதி. தோளில் கனத்த பை, கழுத்தில் அடையாள அட்டை. காலை பதினோரு மணிக்கு, முன்னால் போன் செய்துவிட்டு, மற்ற பிரதிநிதிகள் எல்லோரும் வருவதுபோலவே வந்தாள்.

"அண்ணா! எவ்வளவு நாளாச்சு! தலையெல்லாம் நரைச்சுப்போச்சே!"

கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு குழந்தை, கணவருக்கு ரயில்வேயில் வேலை என்று சொன்னாள். நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவள் இப்போது மாணவர்களை நிற்க வைத்து, புதிதாக வந்த பிப்பெட் முனைகளின் உறையைப் பிரித்துக் காட்டி, கலகலவென்று பேசினாள். நன்றாகத்தான் இருந்தாள். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "நீங்களும் எங்க சார்கூட ஆராய்ச்சி பண்ணீங்களா மேடம்?"

"பின்ன? உங்க சார் வழிகாட்டல்லதான் நான் வேலையே பண்ணேன். ஒரு கட்டுரை வந்துச்சே, அதெல்லாம் இவர் சொல்லிக்கொடுத்துப் பண்ணதுதான்."

அவருக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அந்த வார்த்தை அவர் எழுதிய வார்த்தை. மாணவர்களை அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். அவள் விலைப்பட்டியலை எடுத்து மேசையில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் லெட்டரை நான்தாம்மா எழுதினேன்."

"எந்த லெட்டர்ண்ணா?"

"அந்த போஸ்ட்டுக்குப் பெரிய சார் குடுத்தது. அவர் எழுதல. என்கிட்ட தள்ளிட்டாரு. நான்தான் எழுதினேன். உன்னோட கண்டுபிடிப்பைப் பத்தி ஒரு நல்ல வரி எழுதியிருந்தேன், அதை அழிச்சுட்டேன். உனக்குக் கிடைச்சிடும்னு தெரிஞ்சுதான் அழிச்சேன்."

அவள் பட்டியலை மூடவில்லை. ஒரு விரல் எந்த வரியில் இருந்ததோ அந்த வரியிலேயே இருந்தது. பிறகு மெல்லச் சொன்னாள்: "'நேரம் தவறாதவர். ஆய்வகத்தின் பொதுச் சாதனங்களைப் பொறுப்புடன் பராமரிப்பவர்.' அதுவா?"

"நீ எப்படி..."

"அடுத்த வருஷம் வேற இடத்துக்கு அப்ளை பண்ணேன். பழைய லெட்டரையே தேதி மாத்தி அனுப்பச் சொல்லிட்டாரு சார். செக்ரட்டரி அம்மா கைதவறி எனக்கும் ஒரு காப்பி அனுப்பிட்டாங்க. அப்படியே நாலு இடத்துக்குப் போச்சு அது." நிறுத்தினாள். "சார் மேல ரெண்டு நாள் கோபமா இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். எத்தனை பேரைப் பாத்த மனுஷன். அவ்வளவு வருஷம் பக்கத்துல இருந்து பாத்திருக்காரு. அவர் கையால எழுதறேன்னு சொல்லி எழுதினது. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்னு விட்டுட்டேன்."

"அது அவர் எழுதினதில்லம்மா."

"அந்தக் கோட்டைக்கூட நீங்க ஏதோ சொல்லித்தான் நான் பிடிச்சேன் போலன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு. எப்ப சொன்னீங்கன்னு உக்காந்து உக்காந்து யோசிச்சிருக்கேன். ஞாபகமே வராது. என்ன நன்றிகெட்ட ஜென்மம் நான்னு நெனச்சுக்குவேன்."

"நான் ஒண்ணும் சொல்லல. விட்டுடுன்னுதான் சொன்னேன். நீயாத்தான் கண்டுபிடிச்சே, நீ மட்டும்தான். என்னை மன்னிச்சிடும்மா."

"சார் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டாரு?"

"படிக்கல."

இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமாக இந்தக் காட்சியை அவர் மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறார். அவள் திட்டுவாள், காறித் துப்புவாள், அழுவாள், ஒருவேளை, பெரிய மனசு பண்ணி, "போகட்டும்ண்ணா" என்பாள். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தார். அவள் எதையும் செய்யவில்லை.

"ஏன் சொன்னீங்க?" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை.

"நமக்கு அவ்வளவுதான் மூளைன்னு நான் தேறிட்டேன். தேற மூணு வருஷம் ஆச்சு. அப்புறம்தான் இந்த வேலை, கல்யாணம், குழந்தை. நிம்மதியா இருந்தேன். ஆராய்ச்சி பண்றவங்களைப் பாத்தாக்கூடப் பொறாமை வராது எனக்கு, நம்ம இடம் அது இல்லன்னு தெரிஞ்சுபோச்சே. உங்களுக்குச் சொல்லணும், சொல்லிட்டீங்க, பாரம் இறங்கிடுச்சு. எனக்கு இப்ப அந்தப் பன்னிரண்டு வருஷமும் தாண்டிடுச்சு. இனிமே எங்கயும் எடுக்க மாட்டாங்க." குரல் உயரவே இல்லை. "இன்னைக்கு வீட்டுக்குப் போய் நான் என்ன பண்றது?"

அன்றைக்குத் தன் வயிற்றுக்காக அவளைப் பற்றி அப்படி எழுதினார், இன்றைக்குத் தன் நெஞ்சுக்காக அவளிடம் சொன்னார். இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் விலைப்பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது, அதை நேராக்கிக்கொண்டாள். அடுத்த மாடியில் இன்னொரு ஆய்வகம் பார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு.

"ஆர்டர் ஏதாவது இருந்தா ஆபீஸ் நம்பருக்குச் சொல்லிடுங்க, சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.